பென்சில் முனையில் பழகிய முகங்கள்

ஸ்டூடியோவில் தொழில் பழக வந்த பையன் கேமராவைத் தொட ஆண்டுக் கணக்கில் காத்திருந்தான். முதலில் துடைப்பம், பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ கரைசல். பிரிண்டுகளைக் கழுவி உலர்த்துவது, ஓரம் வெட்டுவது, அட்டையில் ஒட்டுவது என்று ஒரு காலம் போகும். தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மறைக்கும் ‘ஸ்பாட்டிங்’ கைக்கு வந்தபின், நெகட்டிவில் பென்சில் பிடிக்கும் ‘டச்சிங்’. அதன் பிறகே டார்க் ரூமில் தனியாக நிற்க விடுவார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் வாடிக்கையாளரைப் பார்ப்பது கடைசிப் படி. கேமராவும் பிளேட்டும் விலை கூடியவை. முதலாளி அவற்றைப் பையனிடம் கொடுக்க அஞ்சியதும் இந்த வரிசைக்கு ஒரு காரணம். ஆனால் அந்த அச்சத்தால் ஒரு நன்மை விளைந்தது. தன் முதல் படத்தை எடுக்கும்போது அந்தப் பையன், பிறர் எடுத்த ஆயிரக்கணக்கான முகங்களின் குறைகளைத் திருத்தி முடித்திருப்பான்.

தொடக்கத்தில் இப்படிக் குருவும் இல்லை, வரிசையும் இல்லை. 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் டாகெர் கண்ட புகைப்பட முறையின் செய்முறை வெளியிடப்பட்டபோது, கற்க விரும்பியவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு கையேடுதான். அடுத்த ஆண்டுக்குள் அந்தக் கலை கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. சென்னையில் அதைப் பாடமாக்கிய பெருமை அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவருக்கு உரியது. 1850இல் அவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் மூலம். ஓவியம், மண்பாண்டம், மரச்செதுக்கு ஆகியவற்றோடு புகைப்படமும் அங்கே கற்பிக்கப்பட்டது. 1850களின் நடுவில் மெட்ராஸ் புகைப்படச் சங்கமும் உருவானது. உறுப்பினர்கள் பெரும்பாலும் படை அதிகாரிகளும் மருத்துவர்களும் அரசு அலுவலர்களும். தாங்கள் எடுத்ததைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டி, ரசாயன அளவுகளைப் பற்றி விவாதிப்பார்கள். 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் லின்னேயஸ் டிரைப் ஹளேபீடு, பேலூர் கோயில் படங்களை வைத்தார். நடுவர் குழு அவற்றையே சிறந்த வரிசையாகத் தேர்ந்தெடுத்தது. ஒரு படத்தைப் பலர் முன் வைத்துத் தீர்ப்புக் கேட்கும் வழக்கம் தென்னிந்தியாவில் அந்த அளவுக்குப் பழையது. ஆனால் அந்தச் சபையில் முகங்களைவிடக் கோபுரங்களுக்கே மதிப்பு அதிகம். கோபுரம் அசையாது, குறையும் சொல்லாது.

முகத்தைத் தொழிலாக்கியவை இரண்டு மாற்றங்கள். 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டார். ஒரே கண்ணாடி நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்க முடிந்தது. 1854இல் பாரிஸ் ஸ்டூடியோக்காரர் டிஸ்டேரி, ஒரே பிளேட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஏறத்தாழ இரண்டரைக்கு நான்கு அங்குல அட்டையில் ஒட்டிய அந்தப் படங்கள் முகவரி அட்டை அளவில் இருந்ததால் ‘கார்ட் தெ விசிட்’ என்ற பெயர் பெற்றன. விலை இறங்கியது, கூட்டம் ஏறியது. சென்னையில் நிக்கோலஸ், பின்னர் வீலே அண்ட் கிளைன் போன்ற ஐரோப்பியர் ஸ்டூடியோக்கள் பெயர் பெற்றன. இப்படிப்பட்ட இடங்களில் உதவியாளர் வேலைக்கு எப்போதும் தேவை இருந்தது.

கொலோடியன் பிளேட் தனி ஒருவரால் சமாளிக்கக்கூடிய சமாசாரம் இல்லை. ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த வெடிப்பஞ்சுக் கரைசலைக் கண்ணாடியில் சீராகப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கி, ஈரம் காயுமுன் கேமராவில் வைத்து எடுத்து, உடனே டெவலப் செய்ய வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம்தான். சென்னை வெயிலில் ஈதர் இன்னும் வேகமாக ஆவியாகும். ஒருவர் வாடிக்கையாளரை உட்காரவைக்க, இன்னொருவர் உள்ளே பிளேட் தயாரிப்பார். அந்த இன்னொருவரின் விரல்கள் வெள்ளி நைட்ரேட் பட்டுக் கறுத்திருக்கும். சோப்புக்குப் போகாத கறை அது.

இந்தச் சிரமத்தில் ஒரு வசதி ஒளிந்திருந்தது. வாடிக்கையாளர் நாற்காலியை விட்டு எழுமுன்பே நெகட்டிவ் கண்ணில் தெரிந்துவிடும். தலை அசைந்திருந்தால், ஒளி போதாதிருந்தால், திரும்ப எடுக்கலாம். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர் பிளேட்டுக்கு வழிகாட்டி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது கடையில் வாங்கும் பொருளானபோது இந்த உடனடித் தீர்ப்பு போய்விட்டது. பிளேட்டைப் பெட்டியில் வைத்துச் சாயங்காலம் மொத்தமாகக் கழுவினார்கள். காலையில் செய்த தவறு இரவில்தான் தெரியும். அதற்குள் வாடிக்கையாளர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். இப்படிப் போன வசதி ஒரு நூற்றாண்டுக்குமேல் கழித்து, டிஜிட்டல் கேமராவின் பின்திரையில் திரும்பி வந்தது.

பழகுபவனின் அடுத்த பாடம் வெளிச்சம். மின்விளக்கு வருவதற்கு முன் ஸ்டூடியோ என்பது கண்ணாடிக் கூரை போட்ட மாடி அறை. நேர் வெயில் விழாமல் நாள் முழுவதும் ஒரே சீரான ஒளி தருவதால், வடக்குப் பார்த்த கண்ணாடி வேண்டும் என்று ஐரோப்பியக் கையேடுகள் வற்புறுத்தின. லண்டனுக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும்; அந்த மாதங்களில் வடக்குக் கண்ணாடிக்கும் வெயிலிலிருந்து தப்பில்லை. புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தை வெள்ளைத் திரைகள் கற்பித்தன. மேல்திரையை ஒரு முழம் இழுத்தால் கண்குழி தெளியும். பக்கத்திரையை மூடினால் கன்னம் வற்றும். எதிர்ப்பக்கம் வெள்ளைத் துணி போர்த்திய பலகையைச் சாய்த்தால் நிழல் இளகும். கயிற்றைப் பிடித்து நின்ற பையன், முதலாளி சொல்லச் சொல்ல இழுத்துக்கொண்டே, முகத்தில் நடப்பதைக் கவனித்தான். அதற்கென்று தனி வகுப்பு எதுவும் நடக்கவில்லை.

உட்காருபவரின் நிலைமை பரிதாபம். சில விநாடிகள் இமைக்காமல் இருக்க வேண்டும் என்பதால், தலைக்குப் பின்னால் கவ்வி பிடிக்கும் இரும்புத் தாங்கி நிற்கும். அந்தக் காலத்துப் படங்களில் நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னால் அதன் கால்கள் தலைகாட்டுவதைக் காணலாம். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பயம் வேறு. பழைய குடும்பப் படங்களில் யாரும் சிரிக்காததை அந்தத் தலைமுறையின் கண்டிப்பு என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள்; அதில் பாதியாவது இரும்புத் தாங்கியின் வேலை.

தொழிலின் உண்மையான பள்ளிக்கூடம் டச்சிங் மேசை. அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வேதியியல்தான் காரணம். ஆரம்பகால பிளேட்டுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு இருட்டு. நேரில் கண்ணுக்குத் தெரியாத இளஞ்சிவப்புப் பரு, படத்தில் கரும்புள்ளியாக விழும். மாநிறத் தோல் கறுப்பாக விழும். சிவந்த உதடு கருத்துப்போகும். ஹெர்மன் ஃபோகெல் 1873இல் சாயம் சேர்த்துப் பச்சைவரை உணரவைத்தார். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் பிளேட் 1906இல்தான் கடைக்கு வந்தது, அதன் பிறகும் பல ஸ்டூடியோக்களில் பழைய வகையே நீடித்தது. சிவப்பு விளக்கின் கீழ் கண்ணால் பார்த்து டெவலப் செய்ய அது வசதி. ஆக, பிளேட் செய்த பிழையைப் பென்சில் திருத்த வேண்டியிருந்தது. மியூனிக் நகரின் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855 பாரிஸ் பொருட்காட்சியில், திருத்திய நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதியையும் திருத்தாததையும் அருகருகே வைத்துக் காட்டியதிலிருந்து இந்த வித்தை பரவியதாகச் சொல்வார்கள்.

மேசை என்பது உண்மையில் ஒரு சாய்வுச் சட்டம். நடுவில் மங்கல் கண்ணாடி, அதன்மேல் நெகட்டிவ், கீழே ஒளியை மேலே திருப்பும் முகக்கண்ணாடி. மேலேயும் பக்கங்களிலும் அட்டை மறைப்பு. நெகட்டிவ் வழியாக வரும் ஒளி தவிர வேறெதுவும் கண்ணில் படக்கூடாது. வழவழப்பான ஜெலட்டினில் பென்சில் பிடிக்காது. ஆகவே டம்மர் பிசினை டர்பன்டைனில் கரைத்த மருந்தில் ஒரு சொட்டைத் துணியில் தொட்டு முகப்பகுதியில் தேய்ப்பார்கள். அப்போது கொஞ்சம் சொரசொரப்பு வரும். பென்சிலின் மரத்தை ஓர் அங்குலத்துக்குமேல் சீவி எடுத்து, வெளியே நீளும் கரியை உப்புத்தாளில் உருட்டி ஊசியாக்குவார்கள். அழுத்தினால் ஒடியும். எனவே கை எடையே இல்லாமல், காற்புள்ளி போலவும் குட்டிச் சுழி போலவும் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும்.

தர்க்கம் தலைகீழானது. பிரிண்டில் கறுப்பாக விழப்போகும் சுருக்கம், நெகட்டிவில் வெளிறிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் பென்சில் நிரப்பினால் அங்கே ஒளி தடைப்படும். பிரிண்டில் சுருக்கம் இளகும். நெகட்டிவில் கறுத்திருக்கும் புள்ளியைப் பென்சிலால் ஒன்றும் செய்ய முடியாது. கூரிய கத்தியால் ஜெலட்டினைத் தோலுரிக்காமல் சுரண்ட வேண்டும். ஒரு இழுப்பு தவறினால் நெகட்டிவ் போயிற்று.

கண்ணுக்குக் கீழே எவ்வளவு நிரப்பலாம்? மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோட்டை முழுக்க அழித்தால் அறுபது வயதுக்காரர் பொம்மையாகிவிடுவார். பாதி விட்டால் பத்து வயது குறைவார். கன்ன எலும்பின் மேட்டில் ஒரு பூச்சு, தாடையின் கீழ் ஒன்றும் வேண்டாம். இந்தக் கணக்கு கைக்கு வந்தவனுக்கு முகத்தின் மேடுபள்ளம் மனப்பாடம். எந்த விளக்கு எந்தச் சுருக்கத்தைப் பெரிதாக்கும் என்பதையும் அவன் அறிவான். மோசமான வெளிச்சத்தில் எடுத்த நெகட்டிவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கண் எரிந்தவன் அவனே. பின்னாளில் விளக்கை நகர்த்தும் உரிமை கிடைத்தபோது, தனக்குத் தானே வேலை வைத்துக்கொள்ளாத இடத்தில்தான் அதை நிறுத்துவான். உருவப்பட ஒளியமைப்பை இதைவிட நன்றாகக் கற்பித்த பாடத்திட்டம் எதுவும் வந்ததாகச் சொல்ல முடியாது.

கெடுதலும் இங்கிருந்துதான் வந்தது. பென்சில் கை மிஞ்சியபோது முகங்கள் மெழுகாயின. நிறத்தை ஏற்றுவது தனிச் சேவையே ஆயிற்று. பிளேட்டின் பிழையைத் திருத்தப் பிறந்த பென்சில், மனிதரின் நிறத்தையே பிழையாக்கித் திருத்தத் தொடங்கியது. பான்குரோமேட்டிக் பிலிம் வந்து காரணம் நீங்கிய பிறகும் வழக்கம் நீங்கவில்லை.

பழகுபவனின் வேலைக்கு மூன்று இடங்களிலிருந்து தீர்ப்பு வந்தது. முதலாவது நெகட்டிவே. ஒளி கூடினாலும் குறைந்தாலும் அது மறைக்காது. இரண்டாவது முதலாளி. பெரும்பாலும் பேச்சு இருக்காது. பிரிண்டை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொட்டியில் போடுவார். என்ன தவறு என்று பையனே கண்டுபிடிக்க வேண்டும். விளக்கிச் சொல்லாததைத் தொழில் ரகசியம் காப்பதாக நினைத்த முதலாளிகளும் இருந்தார்கள். டெவலப்பர் கலக்கும் அளவைக் கடைசிவரை சொல்லாமல், தானே கலந்து வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

மூன்றாவது வாடிக்கையாளர். இவர்தான் கடுமையானவர், தயக்கமும் இல்லாதவர். “என்னப்பா, இப்படிக் கறுப்பா விழுந்திருக்கு?” “ஒரு காதைக் காணோமே?” “கழுத்துச் சங்கிலி தெரியலையே தம்பி, அதுக்குத்தானே போட்டுட்டு வந்தேன்?” தமிழில் படம் ‘விழும்’, எடுத்தவர் திறமை பாதி, விழுந்தவரின் விதி பாதி என்ற தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நியூயார்க்கில் வில்லியம் கர்ட்ஸ் 1860களின் கடைசியில், முகத்தின் ஒரு பக்கம் நிழலில் ஆழ்ந்து, கன்னத்தில் மட்டும் சிறு ஒளி விழும் ‘ரெம்பிராண்ட்’ பாணியைப் பிரபலமாக்கினார். நம் ஊர் ஸ்டூடியோவில் அப்படி ஒரு பிரிண்டை நீட்டினால் காசு வராது. இரண்டு கண், இரண்டு காது, முழங்கால்மேல் வைத்த கை, நகை, நிழலில்லாத முகம்: பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கும், சுவரில் மாலை போட்டு மாட்டப்போகும் படத்துக்கும் அதுவே இலக்கணம். அந்த இலக்கணத்தை ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது எளிது. படம் என்ன வேலைக்கு என்பதை வாடிக்கையாளர் அறிந்திருந்தார். படமெடுப்பவர் அவரிடமிருந்து கற்றார் என்பதே பொருத்தம்.

ஸ்டூடியோவுக்கு வெளியே விமர்சனம் வேறு வழியில் வளர்ந்தது. 1853இல் லண்டனில் தொடங்கிய புகைப்படச் சங்கம்தான் பின்னர் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆயிற்று. 1864இல் எட்வர்ட் வில்சன் தொடங்கிய ‘பிலடெல்பியா போட்டோகிராபர்’ இதழில் ஒவ்வொரு மாதமும் ஓர் அசல் பிரிண்ட் ஒட்டப்பட்டிருக்கும். அதன் ஒளி, நிலை, குறை எல்லாம் உள்ளே பேசப்படும். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகத் தந்த கேமராவில் பழகத் தொடங்கி, அடுத்த ஆண்டே அந்த லண்டன் சங்கத்தில் சேர்ந்தார். குவியம் மங்கல், பிளேட்டில் விரல்ரேகை என்று தொழில்நுட்பக்காரர்கள் அவரைச் சாடினார்கள். ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் சொன்ன யோசனைகளை அவர் கேட்டுக்கொண்டார். மங்கலை மட்டும் விடவில்லை. யார் சொல்வதைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பதும் கற்றலின் பகுதி என்பதற்கு அவரைவிடப் பிடிவாதமான உதாரணம் கிடைப்பது அரிது. 1879இல் இலங்கை மலைநாட்டின் திக்கோயாவில் இறந்தார்.

பள்ளிகளும் வந்தன. வியன்னாவில் 1888இல் யோசெஃப் மரியா ஏடர் தலைமையில் புகைப்படக் கல்வி நிறுவனம் தொடங்கியது. பெர்லினின் லெட்டே சங்கம் 1890இல் பெண்களுக்குப் புகைப்படப் பள்ளி வைத்தது. ஆனாலும் குருகுல முறை செத்துவிடவில்லை. 1928இல் யூசுப் கார்ஷ் பாஸ்டனில் ஜான் காரோவிடம் பழக அனுப்பப்பட்டார். காரோ அவரை மாலைநேர ஓவிய வகுப்புக்கும் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பி, பழைய ஓவியர்களின் ஒளியைப் பார்க்கச் சொன்னார். காரோ இயற்கை ஒளிக்காரர். செயற்கை ஒளியைக் கார்ஷ் ஆட்டவாவின் நாடக மேடையில்தான் கண்டுகொண்டார். 1941 டிசம்பரில் அவர் எடுத்த சர்ச்சில் படம் அந்த இரண்டு பாடங்களின் கூட்டு.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தியாவில் ‘சலான்’ எனப்படும் போட்டிக் கண்காட்சி இயக்கம் வலுத்தது. 1950இல் உலக அளவில் ஃபியாப் கூட்டமைப்பும், 1953இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பும் தோன்றின. தபாலில் வரும் பிரிண்டுகளுக்கு மூன்றோ ஐந்தோ நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். திரும்பி வரும் கவரில் ஏற்பு அல்லது மறுப்பு, அவ்வளவுதான். இதைவிடப் பயன் தந்தது ஆங்கில நாடுகளில் பரவிய தபால் கழகம். பிரிண்டுகள் நிறைந்த ஒரு பெட்டி உறுப்பினரிடமிருந்து உறுப்பினருக்குச் சுற்றும். ஒவ்வொருவரும் மற்றவர் படத்தின் தாளில் கருத்தெழுதி, தன் பழைய படத்தையும் அதற்கு வந்த கருத்துகளையும் எடுத்துக்கொண்டு புதிதை வைத்து அனுப்புவார். இதில் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. சலான்காரர்களும் ஸ்டூடியோக்காரர்களும் ஒரே தெருவில் இருந்தும் கொள்வினை கொடுப்பினை குறைவு. முதியவரின் சுருக்கத்தைச் சலான் கொண்டாடியது. ஸ்டூடியோ அதே சுருக்கத்தைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தது.

மின்விளக்கு வந்தபின் கண்ணாடிக் கூரை மறைந்து, அறை இருண்டது. போட்டோ ஃப்ளட் பல்புகளின் சூட்டில் வாடிக்கையாளர் வியர்த்தாலும் பழகுபவனுக்கு ஒரு லாபம்: மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்பது எடுக்குமுன்பே தெரியும். பின்னர் வந்த ஃப்ளாஷ் விளக்கு விநாடியின் சிறு துணுக்கில் மின்னி மறைந்து, அந்த நிழலை மறுபடி ஊகத்துக்கு விட்டது. உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ பெயரில் கறுப்புவெள்ளை பிலிமும் தாளும் தந்தது. 1980களில் கலர் லேப்கள் பரவ, பிலிமைக் கொடுத்துவிட்டுப் பிரிண்டை வாங்கிவரும் இடமாக ஸ்டூடியோ சுருங்கியது. 35 மில்லிமீட்டர் கலர் நெகட்டிவில் முகம் பட்டாணி அளவு. பென்சிலுக்கு அங்கே இடமில்லை. டச்சிங் மேசை மாடிப்படிக்கு அடியில் போயிற்று.

1990இல் வெளிவந்த போட்டோஷாப், மென்பொருளாக அந்த மேசையைத் திரும்பக் கொண்டுவந்தது. டார்க் ரூமில் ஒளியை மறைக்கக் கம்பியில் ஒட்டிய வட்ட அட்டையே அதன் ‘டாட்ஜ்’ கருவிக்குச் சின்னம். ஒளியைக் கூட்டக் குவித்துப் பிடித்த கை ‘பர்ன்’ கருவிக்குச் சின்னம். தினமும் அவற்றைச் சொடுக்குபவர்களில் பலர் அந்த அட்டையைப் பார்த்ததில்லை.

பழைய கண்ணாடி நெகட்டிவுகளில் பெரும்பகுதி கழுவப்பட்டுச் சட்டக் கண்ணாடியாயின. பிலிம்கள் வெள்ளிக்காக எடைக்குப் போயின. மிஞ்சிய தமிழக ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேர்த்து மின்வடிவமாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் செய்திருக்கிறார்கள். பரணில் ஒரு நெகட்டிவ் கிடைத்தால் விளிம்பை மட்டும் பிடித்து, மங்கலான பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கலாம். கண்ணுக்குக் கீழேயும் நெற்றியிலும் எறும்புக் கூட்டம் போலப் பென்சில் புள்ளிகள் மினுங்கும். அதைத் துடைக்க வேண்டாம்.